விக்கைக் காட்டிக்கொடுப்பது காதோரம்

கேள்வி: எனக்கு வயது 52. சில ஆண்டுகளாக நெற்றியோர முடி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கிக்கொண்டே போகிறது. புருவமும் பாதி போய்விட்டது. தோல் மருத்துவர் ‘ஃப்ரன்டல் ஃபைப்ரோசிங் அலோபீசியா’ என்று சொல்லி மருந்து கொடுத்துவருகிறார். உச்சியிலும் பின்னாலும் முடி நன்றாகவே இருக்கிறது. இணையத்தில் படம் பார்த்து ஒரு விக் வாங்கினேன். மாட்டிக்கொண்டால் தொப்பி போட்டதுபோல நெற்றியில் ஒரு கோடு தெரிகிறது. முடியை முன்னால் இழுத்துவிட்டு மறைக்கிறேன். காற்றடித்தால் கை தானாகத் தலைக்குப் போகிறது. ‘லேஸ் விக் வாங்கு’ என்கிறார்கள். அதற்குப் பசை ஒட்ட வேண்டுமாமே, இருக்கிற முடியும் போய்விடாதா? முகத்தைச் சுற்றி இயல்பாகத் தெரிகிற விக்கை எப்படிப் பார்த்து வாங்குவது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

பசை பற்றிய பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் பசை வேண்டாம். பசை இல்லாமலே ஓரம் படிந்து உட்காரும் லேஸ் விக், அதாவது மெல்லிய வலையில் முடியை முடிச்சிட்ட விக் உண்டு. அளவு சரியாக இருந்தால் போதும். ‘லேஸ் என்றாலே பசை’ என்ற எண்ணம், விளம்பரக் காணொளிகளில் எப்போதும் ஒட்டியே காட்டுவதால் வந்தது.

உங்கள் நோயைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். எந்த விக் சரிப்படும் என்பதை அதுதான் முடிவு செய்யப்போகிறது. இந்த வகை முடி உதிர்வை 1994இல் ஆஸ்திரேலியத் தோல் மருத்துவர் ஸ்டீவன் கோசார்ட், மாதவிடாய் நின்ற பெண்களிடம் கண்டு முதன்முதலில் விவரித்தார். முடி முளைக்கும் வேர்ப்பை அழற்சியால் கெட்டு, அந்த இடம் தழும்பாகிவிடுகிறது. போன முடி திரும்ப முளைப்பது அரிது. மேலும் போகாமல் நிறுத்துவதற்குத்தான் மருந்து. அதனால் விக் வந்துவிட்டது என்று மருந்தை விட்டுவிடாதீர்கள். நெற்றியோடு நிற்காமல் இது காதோரத்தையும் பிடிக்கும் என்பது விக் பொருத்துகிறவர்களுக்கு முக்கியமான செய்தி. கண்ணாடி முன் நின்று காதுக்கு முன்னால் இறங்கும் முடியைப் பாருங்கள். அங்கேயும் மெலிந்திருந்தால், கீழே நான் சொல்லப்போகும் பலவும் அந்த இடத்தைப் பற்றியவைதான்.

விக் வாங்க வருகிற எல்லோரும் கண்ணாடியில் நேராக நின்று நெற்றியின் நடுவைப் பார்க்கிறார்கள். உங்களோடு பேசுகிறவர் அப்படிப் பார்ப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர், எதிரே சற்றுத் தள்ளி நிற்பவர் கண்ணுக்கெல்லாம் உங்கள் முகம் முக்கால் பக்கமாகத்தான் தெரிகிறது. புருவத்தின் நுனியிலிருந்து காதுவரை உள்ள அந்தச் சரிவில் விக் எப்படி முடிகிறது என்பதே அது இயல்பா, போலியா என்பதைச் சொல்லிவிடும். நெற்றி நடுவை ஒரு கொத்து முடியால் மறைத்துவிடலாம். காதோரத்தை மறைப்பது கடினம். ஆகவே தேர்வைக் காதோரத்திலிருந்து தொடங்குங்கள்.

இப்போது உங்களிடம் இருக்கும் விக் ஏன் கோடாகத் தெரிகிறது? அதைத் திருப்பி உட்புறம் பாருங்கள். நாடா போன்ற பட்டைகளில் முடியை எந்திரத்தில் தைத்து, அந்தப் பட்டைகளை வரிசையாக எலாஸ்டிக்கில் இணைத்திருப்பார்கள். முன்விளிம்பில் துணி மடித்துத் தைத்த ஒரு தடிப்பு இருக்கும். முதல் வரிசை முடி அந்தத் தடிப்பின் மேல் ஒரே கனத்தில், ஒரே திசையில், நேர்கோட்டில் கிளம்பும். இந்த வகை விக் நெற்றியில் முடி விழும்படியான சிகைக்காகவே செய்யப்பட்டது. அதன் விளிம்பு வெளியே தெரியக் கூடாது என்று எண்ணித்தான் அதைத் தயாரிக்கிறார்கள். உங்களுக்கு விற்றவர் அதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

உண்மையான நெற்றி முடி எப்படி இருக்கும் என்று வீட்டில் யாருடைய முகத்தையாவது நெருங்கிப் பாருங்கள். தெளிவான கோடு என்று ஒன்று இருக்காது. முதலில் பூனைமுடி. அதற்குப் பின்னால் மெல்லிய முடிகள் ஒற்றை ஒற்றையாக, இடைவெளிவிட்டு, ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக முளைத்திருக்கும். சுமார் ஒரு சென்டிமீட்டர் உள்ளே போன பிறகுதான் ஒரே துளையிலிருந்து இரண்டு மூன்றாகக் கிளம்பி அடர்த்தி கூடும். நடு நெற்றியில் முடி சற்று முன்னோக்கிச் சாய்ந்து வளரும். காதோரத்தை நெருங்க நெருங்கத் திசை மாறிக் கீழே, பிறகு பின்னோக்கிப் படியும். இடது பக்கமும் வலது பக்கமும் ஒன்றுபோல் இருப்பதும் அரிது. நல்ல விக்கில் தேட வேண்டியது இந்த ஒழுங்கின்மையைத்தான். வட்டமாக, சீராக, அழகாக வளைந்த முன்விளிம்பைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இந்த ஒழுங்கின்மையைக் கொண்டுவரும் வழிதான் லேஸ். மெல்லிய வலையில், கொக்கி போன்ற ஊசியால் ஒவ்வொரு முடியாகக் கையால் முடிச்சுப் போடுவார்கள். வலை தோலோடு ஒட்டிப் படியும்போது, முடி தோலிலிருந்தே வருவதுபோலத் தெரியும். நாடகமேடைக்கும் சினிமாவுக்கும் வேலை செய்தவர்கள் கையாண்ட உத்தி இது. பிறகு அன்றாடத்துக்கு வந்தது. தலை முழுவதும் லேஸ் தேவையில்லை. முன்னால் மட்டும் லேஸ், பின்னால் எந்திரத் தையல் என்று வரும் ‘லேஸ் ஃப்ரன்ட்’ விக் உங்களுக்குப் போதும். பின்பக்க எலாஸ்டிக்தான் அதைத் தலையில் பிடித்து நிறுத்தும்.

ஆனால் ‘லேஸ்’ என்ற சொல்லைப் பார்த்ததும் வாங்கிவிடாதீர்கள். எந்த அளவுக்கு, எந்த இடத்தில் லேஸ் இருக்கிறது என்று கேளுங்கள். 4×4 என்று போட்டிருந்தால் நெற்றி நடுவில் நான்கு அங்குலச் சதுரம் மட்டுமே லேஸ்; காதோரம் இரண்டிலும் பழையபடி தைத்த பட்டைதான். நெற்றியோர முடி உள்ளவர்கள் தங்கள் முடியைக் கொஞ்சம் வெளியே எடுத்து அதைச் சமாளிப்பார்கள். உங்களுக்கு அந்த வழி இல்லை. ‘டி பார்ட்’ என்று ஒன்று வரும்: முன்விளிம்பில் ஒல்லியாக ஒரு லேஸ் பட்டை, நடுவில் வகிட்டுக்கு ஒரு கோடு. வகிட்டை இடம் மாற்ற முடியாது; காற்றில் முடி பின்னால் போனால் உள்ளிருக்கும் தையல் தெரியும். உங்களுக்கு ஏற்றது 13×4. காதிலிருந்து காதுவரை 13 அங்குலம், நெற்றியிலிருந்து பின்னோக்கி 4 அங்குலம் லேஸ் என்று அதற்கு அர்த்தம். 13×6 என்பது முடியைப் பின்னால் வாரிக் கட்ட விரும்புகிறவர்களுக்கு. மற்றவர்களுக்கு அந்தக் கூடுதல் இரண்டு அங்குலம் வெறும் கூடுதல் செலவு.

அடுத்தது அளவு. வாங்குகிறவர்கள் இதில்தான் அதிகம் அசட்டையாக இருக்கிறார்கள். நெற்றியோரத்தைச் சுற்றி, காதுகளுக்கு மேலாக, பிடரியின் அடிவரை டேப்பைச் சுற்றி வையுங்கள். பெரும்பாலான பெண்களுக்கு அது சுமார் 54.5 முதல் 57 சென்டிமீட்டருக்குள் வரும். நடுத்தர அளவு என்று விற்பது அதற்கானது. உங்கள் விஷயத்தில் ஒரு திருத்தம்: இப்போது முடி எங்கே தொடங்குகிறதோ அங்கே டேப்பை வைத்து அளக்காதீர்கள். முன்பு எங்கே தொடங்கியதோ அங்கே வையுங்கள். விக் உட்காரப்போவது அங்கேதான். நெற்றியிலிருந்து உச்சி வழியாகப் பிடரிவரை, ஒரு காதிலிருந்து உச்சி வழியாக மறு காதுவரை, காதிலிருந்து நெற்றி வழியாகக் காதுவரை என்று இன்னும் மூன்று அளவு எடுங்கள். சுற்றளவு பொருந்தி இந்த மூன்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் காதோரம் தூக்கும்.

பழைய இடம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் நோயே ஒரு தடயத்தை விட்டுவைத்திருக்கும். முடி இருந்த இடத்தின் தோல் வெயில் படாமல் இருந்தது. அதோடு நோயாலும் வெளிறியிருக்கும். அதனால் நெற்றியைவிட வெளிர் நிறத்தில், வழவழப்பாக ஒரு பட்டை தெரியும். அதன் கீழ்விளிம்புதான் பழைய எல்லை. சிலருக்கு அந்த எல்லையில் ஒன்றிரண்டு முடி மட்டும் தனியாக நின்றுகொண்டிருக்கும். அதைப் பிடுங்கிவிடாதீர்கள், நல்ல அடையாளம். இல்லையென்றால் புருவத்தை உயர்த்துங்கள். நெற்றியில் விழும் சுருக்கங்களில் மேலே இருப்பதற்கு ஒரு விரற்கடை மேலே முடி தொடங்குவது பெரும்பாலானவர்களுக்கு இயல்பு. பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இருபது வயதுப் படத்தை எடுக்க வேண்டாம், நாற்பதுக்கு மேல் எடுத்த படம் வேண்டும். விக்கின் விளிம்பு அந்த எல்லையிலோ அரை விரல் மேலோ உட்காரட்டும். கீழே மட்டும் வரக் கூடாது. விக் அணிகிறவர்கள் செய்யும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான்: நெற்றியை மறைக்கும் ஆசையில் புருவம்வரை இழுத்துவிடுகிறார்கள். நெற்றி குறுகியதும் விக் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

இப்படிப் பழைய எல்லையை வைத்து வாங்குவதில் இன்னொரு நன்மையும் உண்டு. மருந்தையும் மீறி உங்கள் முடி இன்னும் ஒரு சென்டிமீட்டர் பின்வாங்கினாலும் இந்த விக் அப்படியே பொருந்தும்.

காதுக்கு முன்னால் விக்கில் இரண்டு சிறு மடல்கள் இருக்கும். கையால் தடவினால் உள்ளே வளையக்கூடிய கம்பி ஒன்று தட்டுப்படும். மாட்டிக்கொண்டதும் இரண்டு மடலும் ஒரே உயரத்தில், காதைத் தொடாமல், அதற்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். கம்பியை விரலால் அழுத்தி உங்கள் தலையின் வளைவுக்கு ஏற்றாற்போல் வளையுங்கள். அதன் பிறகும் விரல் நுனி நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் அளவு பெரிது. பின்பக்கக் கொக்கியை இறுக்கிப் பார்த்துவிட்டு, சரிவராவிட்டால் சின்ன அளவு கேளுங்கள். மடல் காதின் மேல் ஏறினாலோ, நெற்றியில் அழுத்தித் தடம் பதிந்தாலோ அளவு சிறிது. மூக்குக் கண்ணாடி அணிகிறவராக இருந்தால் கண்ணாடியோடுதான் பொருத்திப் பார்க்க வேண்டும். கண்ணாடியின் கைகள் மடலை நெம்பித் தூக்குவதைக் கடையில் யாரும் கவனிப்பதில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

பின்னால் முடி நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். அதைக் கொண்டையாகச் சுருட்டி உள்ளே வைத்தால், அந்த மேடு விக்கைப் பின்னாலிருந்து முன்னால் தள்ளும்; நெற்றி விளிம்பு எழும்பிவிடும். தட்டையாகப் பின்னி, பின்னல்களைத் தலையோடு படிய வைத்துப் பரப்புங்கள். முன்பக்கத்தை இறுக்கி வாரிப் பின்னாதீர்கள். ஏற்கெனவே நொந்த வேர்களை இழுப்பது நல்லதல்ல. அளவெடுக்கும்போதும் அதே பின்னலோடு இருங்கள்.

லேஸின் நிறம் உங்களுக்குக் கொஞ்சம் சிக்கலானது. வெளிப்படை நிறம், இளம்பழுப்பு, நடுப்பழுப்பு, அடர்பழுப்பு என்று வரும். ‘எல்லாத் தோலுக்கும் பொருந்தும்’ என்று விற்கப்படும் வெளிப்படை லேஸ், மாநிறத்திலும் கருநிறத்திலும் சாம்பல் பூத்ததுபோலத் தெரியும். மற்றவர்களுக்கு நெற்றித் தோலின் நிறத்துக்கு இணையான லேஸ் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். உங்களுக்கோ லேஸ் விழுவது வெளிறிய பட்டையின் மேல், அதைத் தொட்டுக்கொண்டிருப்பது வெயில் பட்ட நெற்றி. நெற்றியின் நிறத்தை வைத்தே தேர்ந்தெடுங்கள். பார்க்கிறவர் கண் லேஸையும் நெற்றியையும்தான் ஒப்பிடும். அப்படியும் வெளிறல் வலை வழியே தெரிந்தால், நெற்றி நிறத்துக்கு ஏற்ற பவுடர் ஃபவுண்டேஷனை லேஸின் உட்புறத்தில் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். அழற்சி உள்ள தோலில் தினமும் மேக்கப் போடுவதைவிட இது மேல். நிறமும் ஒரே சீராக இருக்கும்.

‘எச்டி லேஸ்’ என்பது இன்னும் மெல்லியது. தோலோடு கரைந்துவிடும் என்பது உண்மை. சீக்கிரம் கிழிந்துவிடும் என்பதும் உண்மை. ஒருநாள் விசேஷத்துக்குச் சரி. தினமும் போட்டுக் கழற்றுகிற உங்களுக்குச் சாதாரண ஸ்விஸ் லேஸ் போதும்.

முடிச்சுகளுக்கு வருவோம். லேஸை விரல்மேல் விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். முன்வரிசைகளில் ஒரு துளைக்கு ஒரு முடி, ஒற்றை முடிச்சு என்று இருக்க வேண்டும். பின்னால் போகப் போக இரட்டை முடிச்சு இருக்கலாம், அது உறுதிக்கு. கறுப்பு முடியில் முடிச்சுகள் கரும்புள்ளிகளாகத் தெரியும் என்பதால் அவற்றை மட்டும் ப்ளீச் செய்து விற்பார்கள். ப்ளீச் முடிச்சை வலுவிழக்கச் செய்யும். அந்த இடத்தில் முடி சீக்கிரம் உதிரும். முன்பக்கம் ஓர் அங்குலத்துக்கும் வகிட்டுக்கும் மட்டும் ப்ளீச் செய்தது போதும் என்று கேட்டு வாங்குங்கள். வீட்டில் முதல் முயற்சியாக இதில் இறங்காதீர்கள்; ப்ளீச் முடிச்சைத் தாண்டி மேலேறினால் முடியின் அடிப்பகுதி முழுக்கச் செம்பட்டையாகிவிடும். செயற்கை இழைக்கு ப்ளீச் பிடிக்காது. அதில் வேர்ப்பகுதியில் பவுடரைத் தட்டித்தான் சமாளிக்க வேண்டும்.

அடர்த்தியைச் சதவீதத்தில் சொல்வார்கள்: 130, 150, 180. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் கணக்கு மாறும் என்றாலும், 130ஐ ஒட்டியதுதான் பெரியவர்களின் இயல்பான முடிக்குப் பக்கத்தில் வரும். உள்ளே உங்கள் முடியும் இருந்து கனம் சேர்ப்பதால் அதற்கு மேல் போக வேண்டாம். முடி இழந்தவர்களுக்கு நிறைய முடி மேல் ஆசை வருவது இயற்கை. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காதோரத்தில் 180 சதவீத அடர்த்தி எந்த மனிதத் தலையிலும் கிடையாது. முன்விளிம்பில் முடியை ட்வீசரால் ஏற்கெனவே பறித்து மெலிதாக்கி விற்கும் விக்குகளும் உண்டு. கொஞ்சம் குறைவாகப் பறித்ததை வாங்குங்கள். தேவையென்றால் மேலும் பறிக்கலாம். பறித்ததைத் திரும்ப வைக்க முடியாது. பறிக்கும்போதும் விளிம்பின் முதல் வரிசையை விட்டுவிட்டு, அதற்குச் சற்றுப் பின்னாலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுக்க வேண்டும். முதல் வரிசையையே பறித்தால் நெற்றி இன்னும் மேலே ஏறிவிடும்.

நெற்றியோரம் முழுக்கப் பூனைமுடியைச் சுருட்டிச் சுருட்டி ஒட்டிவைத்த விக்கைத் தவிர்க்கவே சொல்வேன். இளம்பெண்களுக்கு அது ஒரு ஸ்டைல். இயல்பாகத் தெரியவேண்டும் என்ற உங்கள் நோக்கத்துக்கு நேரெதிர். காதோரத்தில் மட்டும் நாலைந்து குட்டை முடிகள் தளர்ந்து தொங்கினால் போதுமானது.

நிறத்தில் ஒரு படி இறங்குங்கள். விக் விற்பனையில் நிறத்துக்கு எண் உண்டு: 1 என்பது மைக்கறுப்பு, 1பி அதைவிட ஒரு படி தணிந்த கறுப்பு, 2 அடர்பழுப்பு. இயற்கையான கறுப்பு முடி பெரும்பாலும் 1பிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். 52 வயது முகத்தைச் சுற்றி ஒரே சீரான மைக்கறுப்பு வந்தால் விளிம்பு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் கோடாகவே தெரியும். முடிக்கும் தோலுக்கும் இடையே நிறவேறுபாடு அவ்வளவு கூர்மையாகிவிடுகிறது. நரை கலந்த விக் கிடைத்தால், குறிப்பாகக் காதோரத்தில் ஒன்றிரண்டு நரை இருந்தால், அதை எடுக்கத் தயங்காதீர்கள்.

மனித முடியா, செயற்கை இழையா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் கடையில் அந்தக் கேள்வி வரும். ஓரத்தின் இயல்பை முடிவுசெய்வது முதலில் லேஸும் அளவும்தான்; இழை அதற்குப் பிறகு. மனித முடியை விரும்பியபடி வாரலாம், சூடு காட்டலாம். ஆனால் ஒவ்வொரு முறை அலசிய பிறகும் நீங்கள்தான் சீவிப் படியவைக்க வேண்டும். செயற்கை இழை அலசிக் காயவைத்தால் பழைய வடிவத்துக்கே திரும்பும். மினுமினுப்புதான் அதன் குறை. ட்ரை ஷாம்புவை லேசாகத் தெளித்தால் அடங்கும். முதல் லேஸ் விக் செயற்கையாக இருப்பதில் தப்பில்லை. எந்த அளவு, எந்த நீளம், எந்த வகிடு உங்களுக்குச் சேர்கிறது என்று சில மாதம் அணிந்து தெரிந்துகொண்ட பிறகு மனித முடிக்குச் செலவழிக்கலாம்.

பசைக்கு மாற்று என்ன என்றால், அளவு சரியாக உள்ள விக்கின் உட்புறம் பின்பக்கமாகக் காதிலிருந்து காதுவரை ஓடும் எலாஸ்டிக் பட்டை. அது விக்கைப் பின்னால் இழுத்துப் பிடிக்க, முன் லேஸ் தானாகத் தோலில் படியும். விக் தலையில் சற்று வழுக்கினால் வெல்வெட் ‘விக் கிரிப்’ பட்டையைத் தலையில் கட்டி அதன்மேல் அணியலாம். அதை நோயுள்ள விளிம்பின் மேல் கட்டாமல் ஒரு விரல் பின்னால் தள்ளிக் கட்டுங்கள். தலைவலி தரும் இறுக்கம் வேண்டாம். விக்கின் உள்ளே முன்பக்கத்தில் சிறு கிளிப்புகள் இருந்தால் தையலைப் பிரித்து எடுத்துவிடுங்கள். அவை கவ்வப்போவது உங்கள் விளிம்பில் மிஞ்சியிருக்கும் முடியைத்தான். உச்சியில் மட்டும் கிளிப் போட்டு அணியும் ‘டாப்பர்’ வகையை உங்களுக்கு நான் சொல்லாததற்கும் இதுவே காரணம்.

பசை கூடாது என்பதற்கு முடி இழுபடும் என்பதைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கிறது. உங்கள் மருத்துவர் ஒவ்வொரு முறையும் விளிம்பு முடியின் அடியில் சிவப்பு, செதில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் நோய் அடங்கியதா என்று கணிக்கிறார். பசையும் அதைக் கரைக்கும் திரவமும் தோலைச் சிவக்கவைத்தால் அந்தக் கணிப்பே குழம்பும். என்றாவது ஒருநாள் காற்றில் நிற்கவேண்டிய கட்டாயம் என்றால், தோலுக்கென்று விற்கும் இருபக்க டேப்பில் சிறு துண்டு, முடியே இல்லாத சுத்தமான தோலில், காதோரத்துக்கு ஒன்று. அதையும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, கையின் உட்புறத்தில் இரண்டு நாள் ஒட்டிப் பார்த்து அரிப்பு இல்லையென்றால் மட்டும். எடுக்கும்போது கரைப்பானால் நனைத்துத் தளர்த்தி எடுக்க வேண்டும், பிய்க்கக் கூடாது.

புது லேஸ் விக்கில் முடிக்கு முன்னால் வெறும் வலை கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அதை வெட்டித்தான் அணிய வேண்டும். வெட்டிய விக்கைப் பொதுவாக யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள். ஆகவே அளவு, நிறம், மடல் எல்லாம் பார்த்து, இதுதான் என்று உறுதியான பிறகே கத்தரியை எடுங்கள். ஒட்டாமல் அணியப்போகிறீர்கள் என்பதால் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் விடாதீர்கள். விட்டால் நுனி சுருண்டு எழும்பும். நேராக வெட்டாமல் சின்னச் சின்ன நெளிவாக வெட்டினால் விளிம்பு கண்ணில் படாது. கை நடுங்கினால் வெட்டியே விற்கும் விக்குகளும் உண்டு.

லேஸ் வேண்டாம், நெற்றியில் முடி விழும்படியே இருக்கட்டும் என்று நினைத்தாலும் அது தோல்வியல்ல. மெல்லிய ஃப்ரிஞ்ஜ், இடையிடையே தோல் தெரியும்படி, புருவத்தைத் தொடும் நீளத்தில் வெட்டினால் மெலிந்த புருவத்துக்கும் மறைப்பாகும். அப்போதும் காதோரத்தில் தாடைவரை ஒரு கற்றை இறங்கும்படியான சிகையாகத் தேர்ந்தெடுங்கள். கனமான, நேராக வெட்டிய ஃப்ரிஞ்ஜ் வேண்டாம்.

கடையில் பார்க்கும்போது விளக்கடியில் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். சன்னலோரம் வாருங்கள். கூட வந்தவரை ஒரு கை நீளத் தூரத்தில் நிறுத்தி, இரண்டு பக்கமும் முக்கால் முகமாகக் காணொளி எடுக்கச் சொல்லுங்கள். தலையைக் குனியுங்கள், சிரியுங்கள், முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்குங்கள். அப்படி ஒதுக்கும்போது காதுக்கு முன்னால் துணியோ தையலோ தெரிந்தால் அந்த விக்கை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம். இணையத்தில் வாங்குவதென்றால் மாடல் படத்தை நம்ப வேண்டாம். பெரும்பாலும் ஒட்டி, மேக்கப் போட்டு எடுத்த படம் அது. உட்புறத் தொப்பியின் படம், முடியைப் பின்னால் வாரிய நிலையில் விளிம்பின் படம், காது மடலின் படம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். தர மறுக்கிறவரிடம் வாங்க வேண்டியதில்லை.

அணியும்போது நெற்றியில் வைத்துப் பின்னால் இழுத்து, மடல்கள் இரண்டையும் தொட்டுச் சமன்செய்யுங்கள். கழற்றும்போது பிடரியிலிருந்து தூக்குங்கள். லேஸைப் பிடித்து இழுத்தால் முதலில் கிழிவது காதோரம்தான். வியர்வையும் சன்ஸ்கிரீனும் படிந்து லேஸ் விறைத்துப்போனால் விளிம்பு எழும்பும் என்பதால், ஈரத்துணியால் உட்புறத்தை அவ்வப்போது துடைத்துவிடுங்கள். கண்டிஷனர் முடிச்சுகளின் மேல் படவேண்டாம், முடிச்சு நழுவும்.

இப்போதிருக்கும் விக்கைத் தூக்கி எறிய வேண்டாம். விக் வெட்டத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, முன்பக்கத்தை மெலிதாக்கி ஃப்ரிஞ்ஜாக வெட்டிக்கொள்ளுங்கள். புதியது அலசிக் காயும் நாட்களுக்கு உதவும். அது செயற்கை இழையாக இருந்தால் அதோடு அடுப்பருகே குனியாதீர்கள். பாத்திரத்தைத் திறக்கும்போது அடிக்கும் நீராவியே முன்பக்க இழையைப் பொசுக்கிச் சுருட்டிவிடும்; அதைச் சரிசெய்வது பெரும்பாடு.